இறக்கி வைக்காதவர்

மரக்காணத்தில் எங்கள் பங்கு இளைஞர் மன்றத்து ஜிம்முக்கு அவர் வந்துவிட்டார் என்பதை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு சத்தம் கேட்கும். பக்கத்து மாதா கோயில் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பும். பின் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் அவர் நிற்பார். இடுப்பில் அகலமான தோல் பெல்ட், உள்ளங்கையில் முகப்பவுடர், காலடியில் இன்னும் ஆடி அடங்காத பார்பெல்.

நூற்றுப் பத்து கிலோவை இடுப்பு வரை தூக்குவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தேழு வயதில் அது பெரிய விஷயம்தான். தூக்கி நின்று சுவர்க் கண்ணாடியில் தன்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு விரல்களைத் திறந்துவிடுவார். அவருடைய வேலை அத்தோடு முடிந்தது. கீழே போவது பூமியின் பொறுப்பு.

அந்த ஜிம் முன்பு திருவிழாத் தேரின் சக்கரங்களையும் சட்டங்களையும் போட்டு வைத்திருந்த கொட்டகை. பங்குச் சாமியார் அதை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். வீடு வீடாகப் போய்த் திரட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் வாங்கினோம். எல்லாம் இரும்பு பிளேட்டுகள், ரப்பர் பூசியதெல்லாம் கிடையாது. நல்ல ராடு ஒன்றே ஒன்று. எனக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் இருந்ததால், எண்ணெயும் கிரீஸும் தெரிந்தவன் என்று பராமரிப்பை என் தலையில் கட்டினார்கள். உப்பளத்தின் மேல் வீசி வரும் காற்று எங்கள் ஊரில் எந்த இரும்பையும் சும்மா விடாது. ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் ராடில் அம்மை போட்டது போலத் துரு புள்ளி வைத்துவிடும். தினமும் பழைய பனியனை எண்ணெயில் நனைத்து, ராடு, பிளேட்டு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் நான் கடை திறக்கப் போவேன்.

காற்றைச் சமாளித்துவிட்டேன். அவரைத்தான் முடியவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து கல்தரையில் விழுகிற ராடு ஒவ்வொரு தடவையும் வில் போல வளைந்து நிமிரும். ஒரு நாள் முழுதாக நிமிராது. முனையில் பிளேட்டு மாட்டுகிற குழாய் லொடலொடவென்று ஆகும். பிளேட்டின் ஓட்டை அகலும். அவர் சேர்ந்த முதல் வருடத்திலேயே நான்கு கடப்பாக் கல் உடைந்துவிட்டது. ராடை மேசைமேல் உருட்டிப் பார்த்தால் நேராக ஓடாமல் நொண்டியது.

ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, அண்ணே, கையோடு கொண்டுபோய் இறக்கினால் ராடு தாங்கும் என்றேன். அவர் கோபப்படவில்லை. விஷயம் தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்கிற நிதானத்தோடு சொன்னார்.

"ஏத்துறதுதாம்பா எக்சர்சைஸ். எறக்குறது கூலி வேல."

அந்தக் கூலி வேலை எதையும் அவர் செய்ததில்லை. மாட்டிய பிளேட்டை ஒருநாளும் கழற்றி வைத்தது கிடையாது. பெஞ்சில் தன் முதுகின் வியர்வைப் படத்தை அப்படியே விட்டு எழுவார். பாதி நேரம் அதே பெஞ்சில் உட்கார்ந்து போனில் கல்யாண வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பார், வரிசையில் நிற்பவர்கள் நிற்பார்கள். ஆனால் அந்தப் போனுக்கு மட்டும் இரண்டு உறை. அவருடைய தண்ணீர் பாட்டில் எவர்சில்வர். அதன் அடியில் கீறல் விழக்கூடாது என்று துண்டை நான்காக மடித்து அதன்மேல் வைப்பார். மொபெட்டை வேப்ப மரத்தின் நிழலில் நிறுத்தி, சீட்டின் மேல் ஈரச் சாக்கு போடுவார். புறா எச்சமிட்டால் பெயின்ட் போய்விடுமாம். புறாக்களைக் கிளப்பிவிடுவதே அவர்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கோயில் காலைப் பூசை ஆறு மணிக்கு. ஜிம்முக்கும் பீடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது உபதேசியார் மணி அடிக்க வேண்டும், சனம் முழங்கால் போட வேண்டும். தவக்காலத்தில் ஒருநாள், சாமியார் வாசகம் படித்துக்கொண்டிருந்தபோதே சுவருக்கு இந்தப் பக்கம் நூற்றுப் பத்து கிலோ விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்த முன்வரிசைப் பெண்கள் அப்படியே முழங்காலில் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசை விழுந்தது. உபதேசியார் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் அடித்துவிட்டோமா இல்லையா என்று திகைத்துப்போனார். சாமியார் வாசகத்தை முடிக்கும்வரை மொத்தக் கோயிலும் முட்டியில் நின்றது.

பூசை முடிந்ததும் சாமியார் அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து, கொஞ்சம் மெதுவாக வைக்கக்கூடாதா என்று அவரிடம் கேட்டார். அவர் பக்தியோடு கை கட்டி நின்று கேட்டுக்கொண்டார். நாளையிலிருந்து பூசை நேரத்தை ஒரு கால் மணி தள்ளி வைத்தால் இருவருக்கும் சிரமமில்லை என்று சொன்னார். அவர் பங்குப் பேரவையில் துணைத் தலைவர். சாமியார் பெருமூச்சு விட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் மன்றத்தில் கூடிப் பேசி ஒரு போர்டு எழுதி மாட்டினோம். 'எடையை கீழே போடாதீர். எடுத்த இடத்தில் வைக்கவும்.' அவர் வந்து இடுப்பில் கை வைத்து நின்று முழுவதையும் சத்தமாகப் படித்தார். நல்ல விஷயம் என்று பாராட்டினார். 'எடையைக்' என்று ஒற்று வரவேண்டும், இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை என்று வருத்தப்பட்டார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அந்த 'க்'கைத் தானே எழுதிச் சேர்த்தார். அப்புறம் போய்த் தூக்கினார். போர்டு ஆணியோடு ஆடியது.

இவர் பிழைப்பு என்ன என்று இன்னும் சொல்லவில்லையே. பாத்திர வாடகைக் கடை. அண்டா, தவலை, கரண்டி, நாற்காலி, பந்தல் துணி எல்லாம். இந்தப் பக்கம் பிரம்மதேசத்திலிருந்து அந்தப் பக்கம் கிளியனூர் வரைக்கும் எந்தக் கல்யாணத்திலும் சோறு வெந்தது அவருடைய அண்டாவில்தான்.

என் அக்கா மகள் பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கிய புதுநன்மை விருந்துக்கு நானும் அவரிடம்தான் எடுத்தேன். மறுநாள் சின்ன யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு அண்டாவாகக் கொண்டுவந்து வைக்க, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். டாக்டர்கூட எங்கள் அப்பாவின் நெஞ்சை அவ்வளவு நேரம் கேட்டதில்லை. ஏழாவது அண்டாவில் கை நின்றது. அடியோரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஒடுக்கு.

அந்த ஒடுக்கைச் சுற்றி ஒரு மணி நேரம் விசாரணை நடந்தது. யார் தூக்கினார்கள், எங்கே வைத்தார்கள், அடியில் சாக்குப் போட்டார்களா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே பேசினார். நடிப்பு இல்லை.

"பொருளப் பொருளா பாக்கணும்பா. இரும்பா இருந்தா இன்னா, பித்தளையா இருந்தா இன்னா. போட்டா அதுக்கும் வலிக்கும்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நம்ம ஜிம்மு ராடுக்கும் வலிக்குமே அண்ணே என்று கேட்டுவிட்டேன். அவர் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அது ஜிம்மு. அதுக்குன்னுதான வாங்கி வெச்சிருக்குது?"

என் ஒர்க்‌ஷாப் இருந்த இடம் அவருடைய சித்தப்பா மகனுடையது. அண்டாவை எடுத்துக்கொண்டு போய் ஒடுக்கெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அருள்மேரி ஜிம்முக்கு வர ஆரம்பித்தது அடுத்த வருடம். பெண்களுக்கு ஆறரை மணிக்கு மேல் என்று சாமியார் நேரம் ஒதுக்கியிருந்தார். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். இவள் மட்டும் தவறாமல் வந்தாள். இருபத்தாறு வயது. அம்மாவோடு உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. ஜிம்மை முடித்துக்கொண்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவாள். மூன்றே மாதத்தில் நூற்றிருபது கிலோ தூக்கினாள். அவள் தூக்குவதைவிட இறக்குவதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். எடை தரையைத் தொட்டுவிட்டது என்று அவள் நிமிர்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். எப்படி அம்மா இவ்வளவு பொறுமை என்று ஒருநாள் கேட்டேன்.

"எறக்கும்போது இன்னொரு தடவ தூக்குற மாதிரிங்கண்ணா. சும்மா கெடைக்கிறத ஏன் வுடணும்?" என்றாள்.

அவள் நூற்றிருபது தூக்கிய சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கு உடம்பின் பாரம் கீழே இருப்பதால் அது சுலபம் என்று எல்லோருக்கும் விளக்கினார். அன்றிலிருந்து அவர் எடையைப் போடும்போது வாயாலும் ஒரு சத்தம் போட ஆரம்பித்தார். நூற்றுப் பத்து மட்டும் நூற்றுப் பத்தாகவே இருந்தது.

அருள்மேரியை விழுப்புரத்தில் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவது என்று மன்றத்தில் முடிவு செய்தோம். பெயர் கொடுத்தாகிவிட்டது. போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, பிளேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த நான் இருபது கிலோ பிளேட்டு ஒன்றில் ஒரு விரிசலைப் பார்த்தேன். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு வரை, தலைமயிர் கனத்தில், உள்ளே துரு ஏறி ஒரு சிவப்புக் கோடு. வார்ப்பு இரும்பு வளையாது, உடையத்தான் செய்யும். இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை, தினம் என் கையில் புரளுகிற விஷயம்.

அதைத் தூக்கி வெளியே போட்டிருக்க வேண்டும். போட்டால் ஏன் என்று கேட்பார்கள். விரிசல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். யார் போட்டு வந்தது என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பொதுவாக, யார் மனமும் நோகாமல் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிளேட்டை ஸ்டாண்டுக்குப் பின்னால், விரிசல் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பிச் சாத்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை உதிரி பாகம் வாங்க நான் விடியற்காலையிலேயே திண்டிவனம் போய்விட்டேன். அவர் அன்றைக்குத் தோளில் ராடு வைத்து உட்கார்ந்து எழுகிற பயிற்சி செய்திருக்கிறார். கைக்கு எட்டிய பிளேட்டையெல்லாம் எடுத்து மாட்டியிருக்கிறார், சுவரோரம் இருந்ததையும் சேர்த்து. முடித்துவிட்டு வழக்கம் போல எல்லாவற்றையும் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆறரைக்கு அருள்மேரி வந்தாள். அவர் விட்டுப்போனதைக் கழற்றினால்தான் அவள் தன் வேலையைத் தொடங்க முடியும். நெஞ்சு உயரத்திலிருந்து பிளேட்டை உருவி எடுத்திருக்கிறாள். அது அவள் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் நான் பார்த்த விரிசல், மறுபக்கம் நான் பார்க்காத இன்னொன்று. பாதி பிளேட்டு கையில் நின்றது. மறுபாதி இடது காலில் விழுந்தது.

இரண்டு விரல் எலும்பு நொறுங்கி, மேலே தையலும் போட்டார்கள். போட்டி போனது. அது பெரிதில்லை. சித்திரை வெயில், உப்பு நன்றாக விளைகிற நேரம். தையல் போட்ட காலை உப்புத் தண்ணீரில் வைக்க முடியாது. மழை வரும்வரை அவள் அம்மா மட்டும் தனியாக வேலைக்குப் போனாள். ஒரு கூலியில் அந்த வீடு எப்படி ஓடியது என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் அவளைப் பார்க்கப் போனார். சத்துமாவு டப்பாவும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனார். நானும் கூட இருந்தேன். சரக்கே சரியில்லை, வாங்கும்போதே தன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவளிடம் ஆறுதலாகச் சொன்னார். மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். பொதுச் சாமான் என்றால் யாருக்கும் அக்கறையில்லை, பராமரிப்பு என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடைந்த கடப்பாக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சை முடிக்கும்போது, புது ராடும் பிளேட்டுகளும் தன் செலவிலேயே வாங்கித் தருவதாக அறிவித்தார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

புதுச் சாமான் வந்தது. ஒவ்வொரு பிளேட்டிலும் சிவப்புப் பெயின்டில் 'உபயம்' என்று போட்டு, கீழே அவர் பெயரும் கடைப் பெயரும். ராடின் இரண்டு முனையிலும் பெயர். அண்டாவில் எழுதுகிற அதே பெயின்டர், அதே எழுத்து.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குச் சத்தம் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் கொட்டகையில் இருக்கிறார். நூற்றுப் பத்து கிலோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க நடுங்க, அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார். தரையில் புது ரப்பர் விரிப்பு. வைத்த பிறகு குனிந்து ராடின்மேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். முடித்ததும் ஒவ்வொரு பிளேட்டாகக் கழற்றித் துடைத்து, பெயர் தெரிகிற மாதிரி அடுக்கினார். ஒரு வாரத்துக்குள் மற்றவர்களைக் கண்காணிக்கவும் ஆரம்பித்தார். யாராவது கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். இது எல்லாருக்கும் சொந்தம், அதனால் பார்த்து வையுங்கள் என்பார். உபதேசியார் மணிக்கு மறுபடியும் வேலை வந்தது. சாமியார் ஒரு பிரசங்கத்தில் மனமாற்றம் என்பதற்கு அவரையே எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஐப்பசி மழையில் உப்பளமெல்லாம் ஏரியாகிக் கிடந்தபோது அருள்மேரி திரும்பி வந்தாள். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தாள். அன்று மழையால் எல்லோருக்கும் தாமதம், அவரும் இருந்தார். நானும் எண்ணெய்த் துணியோடு இருந்தேன். அவளைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். வாம்மா, புதுச் சாமான் பார் என்று கூப்பிட்டார். ராடின் பக்கத்தில் நிற்கவைத்து, எடையை எப்படி இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். முதுகை வளைக்காதே, கையை விட்டுவிடாதே, தரை தொடும்வரை நீதான் பொறுப்பு என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியாக, பெயர் எழுதியிருக்கிற இடம் உரசாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் அந்தச் சிவப்பு எழுத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். அப்புறம் செருப்பிலிருந்து இடது காலை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். இரண்டு விரல் மேலும் கீழுமாக ஒட்டியிருந்தது.

"இதுலயும் உங்க பேர எழுதிடுங்கண்ணே. பாத்து வெப்பீங்க."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுக் காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு, ராடு பக்கம் போய்ப் பிளேட்டு மாட்டத் தொடங்கினாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மொபெட்டில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வண்டியில் ஒன்றும் கோளாறு இல்லை. கொஞ்ச நேரம் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு இன்னாத்துக்குப்பா அப்பிடி சொல்லிச்சி?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருடத்துச் சத்தத்துக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ராடு நொண்டியதை, கல் உடைந்ததை, போட்டுப் போட்டு வார்ப்பு இரும்பு எப்படி உள்ளுக்குள் பிளக்கும் என்பதை. வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. வியாழக்கிழமை நான் விரிசலைப் பார்த்ததையும், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்ததையும் சொன்னேன்.

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"வியாழக்கெழமையே பாத்துட்டியா?"

ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா."

மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு நான் சில மாதம் பயந்துகொண்டே இருந்தேன். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மன்றத்திலும் சொல்லவில்லை, சித்தப்பா மகனிடமும் சொல்லவில்லை. தன் சொந்த மகன் வீடு கட்டி அழைத்துக்கொண்டதால் அவர் பொம்மையார்பாளையம் போகும்வரைக்கும் என்னைப் பார்த்தால் வழக்கம் போலத்தான் பேசினார். அவருக்கு அது மறந்துபோயிற்றா, என்னைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. முதலாவது என்றால் எனக்கு நிம்மதி.

அடுத்த வருடம் அருள்மேரி விழுப்புரம் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். வந்த கையோடு என் ஒர்க்‌ஷாப்புக்கு லட்டு டப்பாவோடு வந்தாள். அவள் அம்மாவும் கூட வந்திருந்தார். எண்ணெய் போட்டு, துருப்பிடிக்காமல் வைத்திருந்ததால்தான் இவ்வளவும், நீங்கள் மட்டும்தான் அந்தச் சாமான்மேல் அக்கறையாக இருந்தீர்கள் அண்ணா என்றாள். இதற்கு மேலும் தள்ளிப்போடக்கூடாது, இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் ஒரு முழு லட்டை உள்ளே வைத்துவிட்டாள். நான் மென்றேன்.